பந்தியில் ஊற்றிய வெறும் குழம்பு

2019 மே மாதம். எங்கள் ஊர்க் கோவில் (சர்ச்) அசன விருந்தில் என் கையில் கறிக்குழம்பு வாளி. மூன்றாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ இலையில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கி, இரண்டு மூன்று துண்டு விழுகிற மாதிரி ஊற்றிக்கொண்டு வந்தவன், அவன் இலைக்கு வந்ததும் அகப்பையை மேலாக முக்கி வெறும் குழம்பை ஊற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

தெரிந்துதான் செய்தேன். கை தவறியது, வாளியில் கறி தீர்ந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. அவன் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் இலையில் வைத்தார். அவர் எங்கள் சபைக்காரர்கூட இல்லை, பக்கத்து ஊரிலிருந்து சாப்பிட வந்தவர்.

தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத், சாத்தான்குளம் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஊர்களில் பிறந்தவர்களுக்கு அசனம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பண்டிகையை ஒட்டி சபையார் அரிசி, ஆடு, பணம் என்று காணிக்கை கொடுப்பார்கள். முந்தின நாள் ராத்திரி ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்து, பூண்டு உரித்து, விடியவிடிய அண்டாக்களில் சமைப்பார்கள். மறுநாள் வருகிறவர்களுக்கெல்லாம் இலை போடுவார்கள். சங்கக் காணிக்கை கட்டியவனா, கோவிலுக்கு வருகிறவனா, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்தால் சாப்பாடு. எனக்குத் தெரிந்து தேவனுடைய அன்பைப் பற்றி எங்கள் பக்கத்தில் நடக்கிற ஆகப் பெரிய பிரசங்கம் அதுதான். அதில் வாளியைப் பிடித்துக்கொண்டு நான் ஒருவனுக்கு மட்டும் கறியை மறித்தேன்.

அதற்குப் பத்து நாளைக்கு முன்னால்தான் வீட்டு ஜெபக்கூட்டத்தில் தேவனுடைய நிபந்தனையில்லாத அன்பு என்று நாற்பது நிமிடம் பேசியிருந்தேன். ரோமர் 5:8 எடுத்து, 'நாம் பாவிகளாயிருக்கையில்' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை நிதானமாக வாசித்தேன். நன்றாக இருந்தது என்று மூன்று பேர் சொன்னார்கள்.

நான் கணக்கெழுதுகிறவன். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் அப்போதே இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலையில் எப்படியோ அப்படித்தான் வீட்டிலும். தம்பிக்காக நான் இழந்த ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்பா வாத்தியாராக இருந்தவர், 2009ல் இறந்துபோனார். அடுத்த வருஷமே தம்பி தன் பங்குப் பனைவிளையை விற்று, ஒரு பழைய லாரி வாங்கி, அதில் ஓட்டியதைவிட அதன் பெயரில் குடித்தது அதிகம். 2010ல் லாரிக்குப் பழுது பார்க்க 35,000. 2012ல் அவன் அடகு வைத்த என் மனைவியின் செயினை மீட்க 62,000. ஊரில் ஒருவரிடம் வாங்கிய கடனுக்கு வட்டியோடு 1,10,000. இப்படிப் பக்கம் பக்கமாக. கடைசிக் கூட்டல் 4,86,500 ரூபாய். அவனுக்குக் காட்ட வேண்டும் என்று எழுதவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. அவன் மேல் கோபம் குறைகிற மாதிரி இருந்தால் அந்த நோட்டை எடுத்துப் பார்ப்பேன், சரியாகிவிடும்.

2018 டிசம்பரில் திருப்பூர்ப் பக்கமிருந்து உடம்பு பாதியாகி ஊருக்கு வந்தான். அம்மாவுக்கு அப்போது 72 வயது, மூட்டுவலி. இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனைக் கண்ட தகப்பன் மாதிரி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியாது. நாய் குரைத்த சத்தத்துக்குக் கதவைத் திறந்து, "சாப்ட்டியாய்யா?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான். எங்கே இருந்தாய், ஏன் இப்படி ஆனாய், இத்தனை வருஷம் ஏன் ஒரு போன் இல்லை, எதுவும் கேட்கவில்லை. காலையில் எனக்குப் போன் பண்ணினாள். நான் சொன்ன முதல் வார்த்தை, "உங்க மகன் வந்துட்டானாக்கும்."

இதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள்) அந்தக் கதை வருகிற லூக்கா 15ஐ வாசிக்கும்போதுதான் சுரீரென்றது. தம்பிக்கு விருந்து வைத்ததில் கோபப்பட்ட மூத்தவன் தகப்பனிடம் 'என் தம்பி' என்று சொல்லவே மாட்டான். 'உம்முடைய குமாரனாகிய இவன்' என்பான். தகப்பன் கோபப்படாமல் அந்த வார்த்தையைத் திருத்துவார், 'உன் சகோதரனாகிய இவனோ' என்று. சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்டுச் சலித்த கதை. நான் அதில் எங்கே நிற்கிறேன் என்று அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்தது.

கணக்குக்காரனாக அந்தக் கதையைப் பார்த்தால் இன்னொன்றும் உண்டு, பிரசங்கங்களில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உபாகமம் 21:17ன்படி மூத்த மகனுக்கு இரண்டு பங்கு. இரண்டு மகன்கள் என்றால் மூத்தவனுக்கு மூன்றில் இரண்டு, இளையவனுக்கு மூன்றில் ஒன்று. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே 'அவர்களுக்கு' ஆஸ்தியைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். இளையவன் தன் பங்கை அழித்துவிட்டான். அப்படியானால் வீட்டில் மிச்சமிருப்பது அத்தனையும் இனிமேல் மூத்தவனுடையது. 'எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது' என்று தகப்பனே சொல்கிறார். திரும்பி வந்தவனுக்காக அடித்த கொழுத்த கன்று யார் கணக்கில் போகும்? மூத்தவன் கணக்கில்தான். விரலில் போட்ட மோதிரமும் அப்படித்தான். ஆகவே அவன் வாசலில் நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது வெறும் பொறாமை இல்லை. அவனுக்கு நிஜமாகவே நஷ்டம். எங்கள் ஐயரிடம் (எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்) இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். அப்புறம் ஒன்று சொன்னார்: "சும்மா கிடைக்கிற மன்னிப்புன்னு ஒண்ணு கிடையாது. வாங்குறவனுக்குத்தான் அது சும்மா."

இது எனக்குப் பிடிபட்டது. அலுவலகத்தில் வராக்கடனைத் தள்ளுபடி செய்கிறோம் இல்லையா, அப்போது அந்தத் தொகை காற்றில் கரைந்துபோவதில்லை. கொடுத்தவனுடைய லாப நஷ்டக் கணக்கில் நஷ்டமாக வந்து உட்காரும். கடன்பட்டவன் நிம்மதியாகப் போய்விடுவான், கொடுத்தவனுடைய அந்த வருஷத்து லாபம் அடிபடும். சிலுவையைப் பற்றி நாற்பது வருஷம் கேட்டதில் எனக்குப் புரியாதது இந்த ஒரு பதிவில் புரிந்தது. கூடவே வயிற்றைக் கலக்கியது. தேவன் என் கடனைத் தம் கணக்கில் ஏற்றிக்கொண்டார் என்று பாட எனக்குப் பிடிக்கும். தம்பியின் 4,86,500ஐ என் கணக்கில் ஏற்றிக்கொள் என்றால் பிடிக்கவில்லை. மத்தேயு 18ல் இரண்டு கடன் வருகிறது: ராஜா தன் ஊழியக்காரனுக்கு மன்னித்தது பதினாயிரம் தாலந்து, அவன் தன் உடன் ஊழியக்காரனுக்கு மன்னிக்காதது நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு நாள் கூலி. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி, இரண்டாவது 100 நாள் கூலி. ஆறு லட்சம் மடங்கு வித்தியாசம். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு அதே மேசையில்தான் நோட்டையும் விரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, இனி நடைமுறை விஷயங்கள். ஏனென்றால் அன்பு அன்பு என்று பேசிக்கொண்டு நாங்கள் செய்த முதல் காரியமே அவனைக் கொல்லப் பார்த்தது.

அவன் வந்த அன்றே குடியை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்து, அறையில் உட்காரவைத்து, சபை மூப்பர் இரண்டு பேரை அழைத்து ஜெபம் பண்ணினோம். வெளியே விடவில்லை. மறுநாள் காலையில் கை நடுங்கியது, சட்டை முழுக்க வேர்வை. பிசாசு போகிறது என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு ராத்திரி வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். கார் பிடித்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவரை வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நிறுத்தின ஒன்றிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் இல்லாத உருவம் தெரிவது, புத்தி தடுமாறுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். ஜெபம் பண்ணுங்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பண்ணுங்கள். நாங்கள் பன்னிரண்டு நாள் அப்படித்தான் பண்ணினோம்.

இன்னொன்று. அவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள் என்று ஒருவர் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார், நல்லெண்ணத்தில்தான். டாக்டரிடம் கேட்டபோது கத்திவிட்டார். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விடலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். அன்பினால் என்றாலும் ஒருவனை ஏமாற்றி எதையும் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். மாத்திரைக்கு மட்டும் இல்லை, இதை நிறைய விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறேன்.

பணம். நிபந்தனையில்லாத அன்பு என்றால் நிபந்தனையில்லாத பணம் என்று அம்மா நினைத்தாள், பாதித் தாய்மார்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவன் நூறு கேட்டால் நூறு கொடுத்தாள். நான் நேர் எதிராக, பத்து ரூபாய்க்கும் கணக்குக் கேட்டேன். இரண்டுமே அவனை மதுக்கடைக்குத்தான் அனுப்பின. கடைசியில் நாங்கள் செய்தது இது: கையில் ரொக்கம் கொடுப்பதில்லை. மருந்துக்கடையில் நானே கட்டுவேன், முடிவெட்டுகிற கடையில் நானே சொல்லிவைப்பேன். பீரோவைப் பூட்டினோம், சாவி என் மனைவியிடம். முதலில் எனக்கு உறுத்தியது, தம்பி இருக்கிற வீட்டில் பீரோவைப் பூட்டுவதா என்று. என் மனைவிதான் தெளிவாகச் சொன்னாள்: "மன்னிக்கிறது வேற, நம்புறது வேற. நம்பிக்கைய அவர் சம்பாதிக்கட்டும். மன்னிப்ப நீங்க கொடுத்திருங்க." சாப்பாட்டுக்கு மட்டும் எந்த விதியும் கிடையாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். குடித்துவிட்டு வந்தாலும் சோறு உண்டு. அதை நான் எதிர்த்தேன். இப்போது எதிர்க்க மாட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். என் தம்பி யாரையும் கை நீட்டியதில்லை. அடிக்கிற புருஷனையோ பிள்ளையையோ 'சகித்துக்கொள், அன்பு சகலத்தையும் சகிக்கும்' என்று சொல்லி, அடி வாங்குகிறவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற பழக்கம் நம் சபைகளில் உண்டு. அடி வாங்குகிறவளிடம் 1 கொரிந்தியர் 13ஐ வாசிக்காதீர்கள். முதலில் அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். மன்னிப்பை அப்புறம் பேசிக்கொள்ளலாம், பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தும் மன்னிக்கலாம்.

அசனத்தில் நடந்ததற்கு வருகிறேன். மாதக்கணக்கில் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. தம்பி ஐந்து மாதமாகக் குடிக்காமல் இருந்தான், எங்கள் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சினான், கோவிலில் பின் பெஞ்சில் உட்கார்ந்தான். எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது என்பதும் உண்மை. ஜூலையில் ஒரு உபவாசக் கூட்டத்தில் அவன் சாட்சி சொல்ல வேண்டும் என்று நானே ஏற்பாடு செய்தேன். அவன் வேண்டாம் என்றான். "தேவன் செய்ததைச் சொல்ல உனக்கென்ன வெட்கம்?" என்று தள்ளிவிட்டேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் திக்கித் திணறி, நான் எழுதிக்கொடுத்ததைச் சொன்னான். ஜனங்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆகஸ்டு இரண்டாம் வாரம் மறுபடியும் குடித்தான்.

ஊருக்கே தெரிந்தது, காரணம் நான். மேடையில் ஏற்றாமல் இருந்திருந்தால் அவன் வீட்டுக்குள் விழுந்து வீட்டுக்குள் எழுந்திருப்பான். குடியிலிருந்து வெளியே வருகிறவர்களைச் சாட்சி சொல்ல வைக்க அவசரப்படாதீர்கள், ஒரு வருஷமாவது விடுங்கள், அவர்களாகக் கேட்டால் பாருங்கள். அவன் வாழ்க்கை நம்முடைய ஊழியத்துக்கு விளம்பரம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி அவன் திண்ணையில் கிடந்தான். நான் பாளையங்கோட்டையிலிருந்து வந்து, நின்றபடியே கத்தினேன். என் மானம், என் பேர், என் பணம். குடித்தவனிடம் பேசுவது சுவரிடம் பேசுவது என்று அப்போது தெரியாது (பேச வேண்டியதை மறுநாள் காலை காப்பி குடித்தபிறகு பேச வேண்டும், அதுவும் ஐந்து வாக்கியத்துக்குள்). அம்மா உள்ளேயிருந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவன்மேல் போட்டாள். என்னைப் பார்த்து, "நீயும் சாப்பிடலயேய்யா" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தோம். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், 1935ல் அமெரிக்காவில் குடிகாரர்களாக இருந்த இரண்டு பேர் ஆரம்பித்தது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டாம். தம்பி அதற்குப் போனான். எனக்குத் தெரியாமலிருந்தது, குடும்பத்தாருக்கென்று தனியாக 'அல்-அனான்' என்று ஒன்று இருக்கிறது என்பது. குடிப்பது அவன், நான் ஏன் போக வேண்டும் என்ற நினைப்போடுதான் முதல் நாள் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் பெண்கள். அங்கே ஒரு அம்மா சொன்னார்கள்: அவர் குடிக்கு நான் காரணம் இல்லை, அதை என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணமாக்கவும் முடியாது. அந்தக் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்வதுதானாம். எனக்கு அது ஒரு அடி. ஏனென்றால் என் அன்பெல்லாம் அவனைச் சரிபண்ணுவதற்கான முதலீடாக இருந்தது. லாபம் வராதபோது கோபம் வந்தது. அவன் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் அவன் என் தம்பி என்று அதுவரை ஒரு நாள்கூட நான் நினைத்ததில்லை. தேவன் என்னை அப்படித்தான் நேசிக்கிறார் என்று வாராவாரம் பாடிக்கொண்டுதான் இருந்தேன்.

அங்கே உட்கார்ந்துதான் அசனத்தில் செய்ததை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு அக்கா, "நான் எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஆறின தோசையைப் போடுவேன்" என்றார். கோவிலில் பொதுப் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து ஒரே ராகத்தில் சொல்வது நல்லதுதான். ஆனால் என்னைப் போன்றவர்கள் அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். வெறும் குழம்பு ஊற்றினேன் என்று ஒரு மனுஷரிடமாவது சொன்னால்தான் அது பாவம் என்பதே உறைக்கிறது.

2020 மார்ச் 22, ஞாயிறு. ஊருக்குப் போயிருந்தவன் அந்த வாரம் வந்த கொரோனா ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டேன். மதுக்கடைகள் மூடிவிட்டதால் தம்பிக்கு அந்த ஆபத்து இல்லை, அப்போது குடிக்காமலும்தான் இருந்தான். ஏப்ரலில் பரிசுத்த வாரம் (ஈஸ்டருக்கு முந்தின வாரம்) வந்தபோது, வேலை இல்லாமல் அப்பாவின் டிரங்குப் பெட்டிகளை எடுத்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தான். என் நோட்டு அதில் ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 10. கோவில் பூட்டியிருந்தது, மும்மணி ஆராதனையை (அன்றைக்கு நடக்கும் மூன்று மணி நேர ஆராதனை) வீட்டில் போனில் கேட்டோம். முடிந்ததும் அவன் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். திறந்தேன். என் எழுத்தை அவன் அடிக்கவோ கிழிக்கவோ இல்லை. கடைசிப் பக்கத்தில், என் கூட்டலுக்குக் கீழே, பென்சிலில் ஒரு வரி சேர்த்திருந்தான். '2013. அம்மாவின் ஒற்றை வளையல், 1 பவுன். நான்தான்.'

அந்த வளையல் தொலைந்தபோது வீட்டில் வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவைத்தான் சந்தேகப்பட்டோம். 'சந்தேகப்பட்டோம்' என்பது மரியாதையான வார்த்தை. வாசலில் நிற்கவைத்து, முந்தியை உதறிக் காட்டச் சொன்னேன், தூக்குச்சட்டியைத் திறக்கச் சொன்னேன். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதோடு அவர் வேலைக்கு வரவில்லை. எங்கள் சபைதான் அவரும். மேற்கு வாசலை ஒட்டி உட்காருவார். ஏழு வருஷம் ஒரே பாத்திரத்தில் நாங்கள் திருவிருந்து எடுத்திருக்கிறோம்.

நோட்டில் எல்லாம் தம்பியின் பற்று. என் பெயரில் ஒரு பைசா பற்று எழுதியதில்லை.

1 கொரிந்தியர் 13ல் 'தீங்கு நினையாது' என்று வருகிறதே, மூலக் கிரேக்கத்தில் அது கணக்கில் எழுதிவைப்பதைக் குறிக்கிற சொல் என்று ஐயர் ஒரு முறை சொல்லியிருந்தார். அன்பு தீமையைக் கணக்கெழுதாது. சரி, எழுதுகிற என்னைப் போன்ற ஆளுக்கு ஒன்று சொல்கிறேன்: எழுதுவதானால் இரண்டு பக்கமும் எழுதுங்கள். எனக்கு யார் கடன், நான் யாருக்குக் கடன். நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். வலது பக்கத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அழுதாள். பிறகு, "அவ வீட்டுக்கு நான் போகுமுன்ன நீ போகணும்" என்றாள். ஜூன் மாதம்தான் போக முடிந்தது. ஒரு கவரில் பத்தாயிரம் ரூபாய் வைத்து எடுத்துக்கொண்டேன், வழி நெடுக என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அந்த அக்கா வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நனைத்த பனையோலை ஒரு கட்டு.

ஒத்திகை எல்லாம் போய்விட்டது. "அக்கா, அந்த வளையல நீங்க எடுக்கல" என்றேன். எவ்வளவு அபத்தம் பாருங்கள், எடுக்காதவரிடம் போய் நீங்கள் எடுக்கவில்லை என்று சொல்கிறேன்.

"தெரியும்லா தம்பி" என்றார். கை நிற்கவில்லை. "உங்க தம்பி ரெண்டு வருசம் கழிச்சு குடிச்சிட்டு வந்து எங்கிட்ட சொல்லிட்டான். காலைப் பிடிச்சு அழுதான்."

"அப்பவே நீங்க ஏன் வந்து சொல்லல?"

"சொன்னா? வாத்தியாரம்மாவுக்கு அப்பத்தான் நெஞ்சுவலி வந்து படுத்திருந்தாவ. பெத்த பிள்ளை எடுத்தான்னு நான் போய்ச் சொல்லணுமாக்கும்." ஒரு ஓலையை வாயில் கடித்து இழுத்து நீளத்தைச் சரிசெய்தார். "எனக்கும் கோவம்தான். உங்க வாசல்ல மண்ணை வாரித் தூத்தணும்னு இருந்துச்சு. நெறைய நாளு இருந்துச்சு."

நான் தெருவில் எல்லோர் முன்னாலும் செய்ததை எல்லோர் முன்னாலும்தான் சரிசெய்ய வேண்டும், கோவில் திறந்ததும் சபையில் சொல்கிறேன் என்றேன். செய்யவும் செய்தேன், அது வேறு கதை, ஐயருக்கும் எனக்கும் அதில் கொஞ்சம் வாக்குவாதம்கூட ஆயிற்று. அந்த அக்கா அதற்கு வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வெயில்ல நிக்காதிய, இப்படி வாங்க" என்று ஓலைக்கட்டை நகர்த்தி இடம் விட்டார். மகள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தது.

தம்பி பிறகு இரண்டு முறை விழுந்தான், இப்போது எழுந்து லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நாளைக்கு எப்படி என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பீரோச் சாவி இன்னும் என் மனைவியிடம்தான் இருக்கிறது. அசனத்தில் எனக்கு மறுபடி வாளி கிடைத்தபோது தண்ணீர்ப் பக்கம் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பயம்தான், கை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு அந்த வேப்பமரத்தடியில் கவரை எடுத்து நீட்டினேன். அந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு முடைவதைத் தொடர்ந்தார்.

"துட்டு வேண்டாம். வேணும்னா பெட்டி வாங்கிட்டுப் போங்க. ஒண்ணு நாப்பது ரூவா."

இரண்டு எடுத்துக்கொண்டு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். சுருக்குப் பையை அவிழ்த்து, துழாவி, இரண்டு பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீவி என் கையில் வைத்தார்.